பொரிக்காத வெங்காரம்

எங்கள் வீட்டுச் சமையலறையில் நீங்கள் ஒரு கரப்பான் பூச்சியைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள், மேடம். சோதனை போட வந்த அன்று உங்கள் ஏட்டு சிங்க்குக்கு அடியிலும் கேஸ் சிலிண்டருக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வீடு இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். எல்லாம் வெங்காரத்தின், அதாவது போராக்ஸின், வேலைதான். சர்க்கரையோடு சேர்த்து மாவில் பிசைந்து உருட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத மூலையாகப் பார்த்து வைத்துவிட்டால், கரப்பானும் எறும்பும் அந்தப் பக்கமே தலைகாட்டாது.

மொரப்பூர் பக்கத்து போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சோப்பு நுரைக்காது, வெள்ளைச் சட்டை ஒரே மாதத்தில் பழுத்த இலை நிறத்துக்குப் போய்விடும். துணி ஊற வைக்கும் வாளியில் கொஞ்சம் வெங்காரம் போட்டால் தண்ணீர் வழிக்கு வரும். பாத்ரூம் டைல்ஸில் படியும் உப்புக் கறைக்கும் அதுதான். ஆனால் நான் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவேன். கண்ணாடி பாட்டிலில் அடைத்து, சிவப்பு மையில் விஷம் என்று எழுதி ஒட்டி, பரண்மேல் வைத்திருந்தேன். எங்கள் ஊரில் இப்படி எழுதி ஒட்டிய வீடு என்னுடையது ஒன்றுதான் என்று துணிந்து சொல்வேன். மற்ற வீடுகளில் அது சீரக டப்பாவுக்கும் மிளகு டப்பாவுக்கும் நடுவில் இருக்கும்.

நான் சொல்வதை நல்ல தமிழில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட் முன்னாலும் நான் இதையேதான் சொல்லப்போகிறேன், எதையும் மாற்றிச் சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை. பெயர் நிர்மலாதேவி. வேதியியல் ஆசிரியை. கணவர் பூவரசன் மஞ்சளும் மரவள்ளியும் போடுகிறார். பிள்ளைகள் இருவரும் கோயம்புத்தூரில் படிக்கிறார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிள்ளையில்லாதவள் பொறாமையில் செய்துவிட்டாள் என்று ஏற்கெனவே யாரோ பத்திரிகைக்காரர் எழுதிவிட்டாராம். மனிதர்களுக்கு ஒரு பெண்ணைப் பற்றி யோசிக்கச் சொன்னால் புத்தி அந்த அளவுக்குத்தான் ஓடுகிறது.

வெங்காரத்துக்கு வருகிறேன். கைக்குழந்தைக்கு நாக்கில் மாவு படிந்தாற்போல் வெள்ளை பூத்தால் எங்கள் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கி, வாணலியில் போட்டுப் பொரிப்பார்கள். அது அப்பளம்போல் உப்பிப் பொரியும். அதை நுணுக்கித் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். பெற்றவளே தடவுவாள், அதுவும் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே. கரப்பானைக் கொல்கிற பொடி அது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனே கொடுக்கக்கூடாது என்பது தனி. இரண்டையும் சேர்த்து ஊட்டிவிட்டு, பிள்ளைக்குத் திருஷ்டி பட்டுவிடும் என்று கன்னத்தில் மை வைப்பார்கள்.

எனக்கு இதில் மிகவும் எரிச்சல் தந்தது அந்தப் பொரிக்கிற சடங்குதான். பொரித்தால் விஷம் போய்விடுமாம். பச்சையாக வைத்தால்தான் ஆபத்தாம். படிக்காதவர்கள் சொன்னால் போகட்டும் என்று விடலாம். பி.இ. படித்தவளும் பேங்கில் வேலை பார்ப்பவளும் அதே கதையைச் சொல்வார்கள். பொரிக்கும்போது வெளியேறுவது படிகத்தில் இருக்கும் நீர், அவ்வளவுதான். விஷம் அப்படியே வாணலியில் இருக்கும். நீர் போய்விட்டதால், அதே எடைக்கு வீரியம் இன்னும் கூடத்தான் செய்யும். இது பள்ளிக்கூடப் பாடம். நான் சொல்லிக் கொடுத்து, இவர்களில் பாதிப் பேர் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம்.

பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். அங்கன்வாடியில் தடுப்பூசி போடும் நாளில் வரிசையில் நின்றவர்களிடம் சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சி யார் கண்ணில் பட்டாலும் நிறுத்திச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பொரித்தார்கள். எனக்கு வெங்கார டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். பஸ்ஸில் ஏறினால், வெங்கார டீச்சருக்கு இடம் விடுங்க என்று பின்னாலிருந்து குரல் வரும். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. அப்படிச் சொன்னவர்கள் யார் யார் என்று கேட்டால் இப்போதும் ஒவ்வொருவராகச் சொல்வேன்.

மணிமேகலை என் ஓரகத்தி. என் கொழுந்தன் பிரபாகரின் மனைவி. அவன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவான். வீடு இரண்டு பாகம், சமையலறை ஒன்று. பி.இ. என்று சொன்னேனே, அது இவள்தான். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். கெட்டவள் இல்லை. அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொண்டுவருவாள். ஆனால் போனில் எவனாவது இயற்கை மருத்துவம் என்று ஒரு வீடியோ போட்டால் அது அவளுக்கு வேதம். நான் சொன்னால் அது வாத்தியாரம்மா தொணதொணப்பு.

குழந்தைக்கு ஆதிரை என்று பெயர் வைத்தார்கள். தாய்வீட்டிலிருந்து வந்த கொஞ்ச நாளில் அதற்கு நாக்கில் வெள்ளை பூத்தது. நான் உடனே அவளை உட்கார வைத்துச் சொன்னேன். டாக்டரிடம் காட்டினால் சொட்டு மருந்து கொடுப்பார், வெங்காரம் வேண்டாம், வலிப்பு வரும், சிறுநீரகம் போகும், உயிரே போகலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன்.

"சரிங்க அக்கா, வெக்க மாட்டேன்" என்றாள்.

அடுத்த நாள் சமையலறையில் பொரியும் சத்தம். அவளுடைய அம்மா போனில் சொல்லிக் கொடுக்க, இவள் வாணலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் அடுப்பை மறைத்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நாளில் குழந்தையின் நாக்கு சரியாகிவிட்டது. அது வெங்காரத்தால் சரியானதா, தானாகவே சரியானதா என்று கேட்கும் அறிவு அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். மறுபடியும் வெள்ளை பூக்காமல் இருக்கட்டும் என்று, பொரித்த பொடியில் ஒரு சிட்டிகையைத் தேன் பாட்டிலிலேயே கலந்து வைத்தாள். சித்தேரி மலைத்தேன், அவளுடைய அம்மா கொடுத்தனுப்பியது. ஆபீஸ் மீட்டிங் வந்தால் ரப்பர் நிப்பிளை அந்தத் தேனில் தொட்டுக் குழந்தையின் வாயில் வைப்பாள். குழந்தை சத்தம் போடாமல் சப்பிக்கொண்டு கிடக்கும். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். சொன்னதையே எத்தனை முறை சொல்வது.

ஏழாம் மாதம் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. கிடா வெட்டி இரண்டு பக்கத்துச் சொந்தமும் பந்தியில் உட்கார்ந்திருந்தது. குழந்தை எவ்வளவு தெளிச்சியாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மணிமேகலை அதைத் தூக்கிக் காட்டியபடி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எங்கக்கா பேச்சக் கேட்டிருந்தா நானு ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் அலைஞ்சிக்கினு இருந்திருப்பேன். இப்பப் பாருங்க, நாக்கு எப்பிடி ரோசாப்பூவாட்டம் கெடக்குது. ஒண்ணும் ஆவலீங்களே அக்கா."

கண்ணம்மாள் என்று என் கணவருக்கு ஒரு அத்தை. அந்த அம்மாள் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "டீச்சரே பெயிலாப் போயிட்டாங்களாட்டம் இருக்குது" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. என் கணவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, பக்கத்தில் இருந்தவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். நானும் சிரித்தேன். கறி நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள், எனக்கு ருசி ஒன்றும் தெரியவில்லை.

திரும்பி வரும் வேனில் நான் யோசித்தது கோபத்தில் யோசித்தது இல்லை, மேடம். இந்த ஒரு குழந்தை நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பந்தியில் இருந்த அத்தனை பெண்களும் போய்ப் பொரிப்பார்கள். அவர்களுடைய மகள்களும் பொரிப்பார்கள். நான் இத்தனை வருடம் சொன்னதெல்லாம் அந்த ஒரு சிரிப்பில் அடித்துக்கொண்டு போய்விட்டது. சொல்லிப் புரியாத மாணவர்களுக்குச் சோதனைக்கூடத்தில் செய்து காட்டுவோம். செய்து காட்டினால் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள். இது அவ்வளவு சாதாரணமான யோசனைதான்.

குழந்தையைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. கொஞ்சம் வாந்தி, கொஞ்சம் வயிற்றுப்போக்கு, தோலில் சிவப்பு. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நாக்கில் என்ன வைத்தாய் என்று அவர் கேட்பார். மணிமேகலை தலைகுனிந்து நிற்பாள். நான் பக்கத்தில் நிற்பேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவ்வளவுதான் என் திட்டம். பரண்மேல் இருந்த பாட்டிலிலிருந்து எடுத்து அவளுடைய தேனில் கலந்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான் செய்தேன். பொரிக்கவில்லை. அந்த முட்டாள்தனத்தை என் கையால் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

எல்லாம் நான் எதிர்பார்த்தபடியே நடந்தது. குழந்தை பால் குடிக்கவில்லை. வயிறு போயிற்று. தொடையிலும் கன்னத்திலும் தோல் சிவந்து உரியத் தொடங்கியது. அதை ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம், நானும் கூடப் போனேன். அங்கே இருந்த டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டே, பல் முளைக்கிற நேரம், இப்படித்தான் இருக்கும் என்று சிரப் எழுதிக் கொடுத்தார். நாக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிறகு ஒரு நாள் வலிப்பு வந்தது. தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், காய்ச்சல் வலிப்பு என்றார்கள். காய்ச்சலே இல்லையே என்று நான் கேட்டேன். நீங்க டாக்டரா என்று திருப்பிக் கேட்டார்கள். எத்தனை வருடம் படித்த படிப்பு அது. வீட்டுச் சமையலறையில் நடக்கிற ஒன்று அவர்கள் கண்ணில் படுவதில்லை.

மருத்துவமனையில் இருந்த நாட்களில் குழந்தைக்குத் தேன் கிடையாது. அதனால் தெளிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தது. என்னிடம் அது நன்றாக ஒட்டிக்கொள்ளும், என் கண்ணாடியைப் பிடித்து இழுக்கும். நானும் தூக்கி வைத்துக்கொண்டேன். மணிமேகலை எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டு முடி இறக்கப் போவதாகச் சொன்னாள். அப்புறம் மீட்டிங் இருக்கிறது என்று நிப்பிளைத் தேனில் தொட்டு வைத்தாள்.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். சொன்னால் என்ன நடந்திருக்கும். குழந்தைதான் பிழைத்துக்கொண்டதே, அக்கா எதற்கெடுத்தாலும் பயமுறுத்துகிறாள் என்பாள். பாதியில் நிறுத்தின சோதனைக்கு முடிவு எழுத முடியாது. தேன் பாட்டிலில் நான் மறுபடியும் கலந்தேன். முதல் தடவையைவிடக் கூடுதலாகத்தான். டாக்டர்களுக்குப் புரிகிற மாதிரி இருக்க வேண்டுமே.

குழந்தை வியாழக்கிழமை இறந்தது. ஆம்புலன்ஸ் தருமபுரியைத் தொடுவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. அதைச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை, அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் இறந்த பிறகும் யாரும் எதையும் கேட்கவில்லை. விதி என்றார்கள். காத்துக் கருப்பு என்றார்கள். காதுகுத்தில் எவள் கண்ணோ பட்டுவிட்டது என்று கண்ணம்மாள் அத்தை ஒப்பாரி வைத்தார். குழந்தையை எடுப்பதற்கு முன் நான் பிரபாகரைத் தனியாக அழைத்து, நாக்கில் என்ன வைத்தாள் என்று உன் பெண்டாட்டியைக் கேள் என்று சொன்னேன். அவன் கேட்டான். அவள் மறைக்கவில்லை. எல்லோர் முன்னிலும் அவளை அடித்தான், யாரும் தடுக்கவில்லை. அவளுடைய அம்மாவைப் பிணத்தைக்கூடத் தொட விடாமல் துரத்தினார்கள். நான்தாங்க கொன்னுட்டேன், எம்புள்ளைய நான்தான் கொன்னுட்டேன் என்று மணிமேகலை தரையில் புரண்டுகொண்டே இருந்தாள். பிறகு உங்கள் ஸ்டேஷனுக்கு அவளே தேன் பாட்டிலோடு வந்து அதையே சொன்னாள்.

அந்த வாரம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வெங்காரத்தைக் குப்பையில் கொட்டினார்கள். கைக்குழந்தைக்காரிகள் என் வீட்டுக்குத் தேடி வந்து, டீச்சர் இது கொடுக்கலாங்களா, அது கொடுக்கலாங்களா என்று கேட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் விட்டார்கள். கேலி செய்ய ஒரு குரல் இல்லை. என் கணவர் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது வெட்கத்தால் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அவருக்கு அப்போதே ஏதோ தெரிந்திருக்கலாம்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பியதும் குற்றவாளியாக இல்லை. விஷயம் தெரிந்தவள், ஒரு சாட்சி சொல்லட்டும் என்றுதான் கூப்பிட்டீர்கள். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். மேஜைமேல் அந்தத் தேனை ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டி வைத்திருந்தீர்கள். துணியில் கண்ணாடித் தூள்போல் குருணை மின்னியது. பொரித்த வெங்காரம் சுண்ணாம்புப் பொடிபோல் மங்கலாக இருக்கும், இப்படி மின்னாது என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. உங்களுக்கும் தெரிந்திருந்தது. நீங்களும் இரண்டு பிள்ளை பெற்றவர் என்று ஏட்டு சொன்னார்.

"டீச்சர், இது பச்ச வெங்காரம்" என்றீர்கள். "எங்கூர்ல எந்தத் தாயும் பச்சையா வெக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணு பொரிச்சிதான் போட்டேன்னு சத்தியம் பண்ணுது. வேற யாரோ கலந்திருக்காங்க. பொரிச்சதோட போயிருந்தா இந்தக் கொழந்தைக்கு ஒண்ணும் ஆயிருக்காதுங்க."

நான் அப்போது டீயைக் குடித்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி எழுந்து போயிருக்கலாம். சமையலறைக்கு வந்து போகிறவர்கள் நிறையப் பேர். என் பாட்டிலைக் குழந்தை இறந்த அன்றே கழுவிக் கவிழ்த்துவிட்டேன். உங்களிடம் சந்தேகம் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை. ஆனால் கடைசியாகச் சொன்னீர்களே, அந்த ஒரு வாக்கியத்தை என்னால் விட முடியவில்லை. பொரித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதாம். நாளைக்குப் பத்திரிகையில் அப்படித்தான் வரும். பச்சை வெங்காரம் வைத்துக் குழந்தை இறந்தது என்று போடுவார்கள். ஊரெல்லாம் படித்துவிட்டு, அப்பாடா, நாம் பொரித்துத்தானே வைக்கிறோம் என்று மறுபடியும் வாணலியை எடுப்பார்கள். ஒரு குழந்தையைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்த பாடம், காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் படித்த ஒரு அம்மாவின் வாயாலேயே வீணாகப் பார்த்தது.

அதனால்தான் சொன்னேன். நான்தான் கலந்தேன், பொரிக்காமல் கலந்தேன், பொரித்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று. நீங்கள் முதல் இரண்டையும் எழுதிக்கொண்டீர்கள். மூன்றாவதை எழுதவில்லை. அதுதான் முக்கியம் என்று சொன்னேன், அப்போதும் எழுதவில்லை. தயவுசெய்து இப்போதாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தண்டனை கிடைக்கும். கிடைக்கட்டும். வக்கீல் வேண்டாம் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டேன், அவரும் வற்புறுத்தவில்லை. மணிமேகலையை விட்டுவிட்டதாகச் சொன்னீர்கள், அதிலும் எனக்கு வருத்தம் இல்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, அவள் என்னிடம் கேட்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு வரி, நீங்க சொன்னது சரிதாங்க அக்கா என்று. இத்தனைக்குப் பிறகு ஒரு மனுஷிக்கு அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்.

இன்று காலை நீங்கள் அவளை என் எதிரில் கொண்டுவந்து உட்கார வைத்தீர்கள். மெலிந்துபோயிருந்தாள். பால் கட்டிக்கொண்டு ஜாக்கெட் நனைந்திருந்தது. என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். அதுதான் வரப்போகிறது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அவ உங்களப் பாத்துச் சிரிப்பாளே அக்கா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பி.இ. படித்தவள்தான், ஆனால் பாடம் இன்னும் அவளுக்குப் புரியவில்லை.